முப்பத்தொன்றாம் கேள்விக்கு நான் சொன்ன உதாரணம்

1977-ஆம் ஆண்டு அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பது. ஓசூரில் விடியற்காலையிலிருந்தே தூறல். வெயில் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்குள் சுவெட்டர் போட்டவர்கள் பதினோரு பேர். இத்தனை வருடம் கழித்து மணி எப்படிச் சரியாகத் தெரியும் என்று என் மகள் கேட்கிறாள். பீடத்துக்கு இடப்புறச் சுவரில் கடிகாரம் இருந்தது. பதில் தெரியாத பிள்ளைகள் கேள்வி கேட்ட போதகர் ஐயரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் தெரிந்த நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளைச் சபையார் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்கும் நாள். அதில் தேறினால்தான் முதல் தரம் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் கிடைக்கும். கேள்வி கேட்கச் சேலத்திலிருந்து ஓர் ஐயர் வந்திருந்தார். நாங்கள் பன்னிரண்டு பேர்: ஏழு பையன்கள், ஐந்து பெண்கள். எட்டு மாதமாக உபதேசியார் எங்களுக்கு அறுபது கேள்வி பதில்களை உருப்போட வைத்திருந்தார். எனக்கு அறுபதும் தெரியும். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. தெரியும் என்பதை ஊருக்குத் தெரியப்படுத்தாவிட்டால் தூக்கம் வராத வயது.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. சபையில் பாதிப் பேர் ஊத்தங்கரை, திருப்பத்தூர் பக்கமிருந்து புதிய தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த தமிழர்கள். பாதிப் பேர் ஏற்கெனவே அங்கிருந்த கன்னடக்காரர்கள். இரண்டு ஆராதனை வைக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே பீடத்தில் ஐயர் தமிழில் ஒரு வாக்கியம் சொன்னால், பக்கத்தில் நிற்பவர் அதைக் கன்னடத்தில் சொல்வார். பிரசங்கம் மட்டுமல்ல, அறிவிப்பு, சாட்சி, பிள்ளைகள் சொல்லும் பதில் எல்லாவற்றுக்கும் இதே முறை. அப்படிச் சொல்பவர் எங்கள் சபை மூப்பர்களில் ஒருவர். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே குழாயில் வரும் தண்ணீர்போல வரும். யோசிக்கவே மாட்டார். காதில் விழுந்தது மறு நொடியில் வாயில் இருக்கும்.

வார நாட்களில் அவர், என் அப்பாவும் சித்தப்பாவும் வேலை பார்த்த வார்ப்படத் தொழிற்சாலையில் டைம்கீப்பர். நுழைவாயிலை ஒட்டிய கண்ணாடி அறையில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று பார்ப்பதுதான் அவர் உத்தியோகம்.

சேலத்து ஐயர் என்னிடம் வந்தபோது முப்பத்தொன்றாம் கேள்வி. நீதிமானாக்கப்படுதல் என்றால் என்ன? நான் மூச்சு விடாமல் சொன்னேன். பாவியான ஒருவனை, அவன் செய்ததையோ செய்யாததையோ பார்க்காமல், கிறிஸ்து அவனுக்காகச் செய்து முடித்ததைப் பார்த்து, நீ நீதிமான் என்று கடவுள் தீர்ப்புச் சொல்வது. அது ஒரே தரம் நடப்பது. முழுமையானது. இலவசமானது. விசுவாசத்தால் பெற்றுக்கொள்வது. விடாமல் முப்பத்திரண்டாம் கேள்வியையும் அவர் கேட்டார். பரிசுத்தமாக்கப்படுதல் என்றால் என்ன? அப்படித் தீர்ப்புப் பெற்றவனைப் பரிசுத்த ஆவியானவர் உள்ளபடியே நல்லவனாக மாற்றிக்கொண்டு வருவது. அது நாளுக்கு நாள் நடப்பது. சாகும் வரையில் முடியாதது. இரண்டையும் கன்னடத்தில் டைம்கீப்பர் சொல்லி முடித்தார். அவ்வளவில் நான் உட்கார்ந்திருக்கலாம்.

"பாடத்தை ஒப்பிச்சிட்டே, சந்தோஷம்," என்றார் ஐயர். "முதல் கேள்விக்கு உன் சொந்த வார்த்தையில ஒரு உதாரணம் சொல்லு தம்பி. இந்த ஊர் ஜனங்களுக்கு விளங்கற மாதிரி."

மற்ற பிள்ளைகளிடம் இதைக் கேட்டிருந்தால் விழித்திருப்பார்கள். என்னிடம் உதாரணம் தயாராக இருந்தது.

அது என்ன உதாரணம் என்று புரிய, என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. ஆனால் ஓசூரிலிருந்து பத்து கிலோமீட்டர் போனால் அத்திப்பள்ளி. அது கர்நாடகம், அங்கே கடை உண்டு. மாதம் ஏழாம் தேதி சம்பளம். ஏழாம் தேதி சாயங்காலம் அப்பா எல்லை தாண்டிப் போவார். கடைசி பஸ்ஸில் திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் படுப்பார். எட்டாம் தேதி காலை ஏழு மணி ஷிப்டுக்கு அவரை எழுப்ப அம்மாவால் முடியாது. ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வருகைக் கார்டை விட்டால் கேட்டிலுள்ள கடிகாரம் அதில் நேரத்தைச் சிவப்பு மையில் அடிக்கும். மூன்று சிவப்பு விழுந்தால் வேலை போய்விடும்.

சித்தப்பா அப்பாவுக்கு ஒன்பது வயது இளையவர். கல்யாணமாகவில்லை. எங்களோடு லைன் வீட்டில்தான் இருந்தார். பத்து வீட்டு வரிசையில் ஏழாவது வீடு, ஒரே அறை, ஆறு பேர். எட்டாம் தேதி காலைகளில் அவர் தன் கார்டோடு அப்பாவின் கார்டையும் சேர்த்து அடித்துவிடுவார். அப்பா எட்டு மணி வாக்கில் முகத்தைக் கழுவிக்கொண்டு, மணல் லாரி போகும் பின் கேட் வழியாக உள்ளே போய்விடுவார்.

அந்த வித்தையை ஒருநாள் சித்தப்பா எனக்குச் செய்து காட்டினார். இரண்டு தபால் கார்டுகளை ஒரே கையில் பிடித்துக்கொண்டு, "எத்தன இருக்குது சொல்லு?" என்றார்.

"ஒண்ணு."

"நல்லாப் பாரு."

"ஒண்ணுதான் சித்தப்பா."

கட்டைவிரலை லேசாக நகர்த்தினார். ஒன்றன் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்று எட்டிப் பார்த்தது. "உங்கப்பன் இங்க குறட்ட வுட்டுக்கினு இருக்கறான். கார்டுல பாத்தா ஏழு மணிக்கே வந்து நிக்கறான். கம்பெனிக்காரன் கார்டத்தான் பாப்பான், ஆளப் பாக்க மாட்டான்." சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரிப்பு எப்போதும் தோளில்தான் தெரியும்.

எட்டு மாதம் வேதபாடம் படித்த எனக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு என்ன தோன்றும்? நான் சபையைப் பார்த்துச் சொன்னேன்.

"ஒருத்தன் வீட்ல தூங்கறான். வேலைக்கு வரவே இல்லை." டைம்கீப்பர் கன்னடத்தில் சொன்னார். "அவனுக்குப் பதிலா இன்னொருத்தர் அவன் கார்டை அடிக்கறார்." அதையும் சொன்னார். "கம்பெனி கார்டைப் பார்க்குது. அவன் நேரத்துக்கு வந்தவனாவே எண்ணப்படறான். அவன் கையில ஒரு வேலையும் செய்யல. எல்லாம் அந்த இன்னொருத்தர் செஞ்சது."

ஐயர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் தொழிற்சாலையைப் பார்த்தவரல்ல. சிரித்துக்கொண்டே, "இப்படியெல்லாம் எங்கயாவது நடக்குமா தம்பி?" என்றார்.

என் உதாரணத்தை யாராவது சந்தேகப்பட்டால் எனக்குப் பொறுக்காது. இன்றும் அப்படித்தான். "நடக்கும் ஐயரே. இந்த வருஷத்துல ஏழு தடவை நடந்திருக்குது. எங்க சித்தப்பா எங்கப்பா கார்டை அடிக்கறாரு."

"ஈ வர்ஷ ஏளு சல நடெதிதே," என்று டைம்கீப்பர் வழக்கமான கணீர்க் குரலில் தொடங்கினார். "இவன சிக்கப்பா, இவன அப்பன கார்டன்னு…"

அங்கே நின்றுவிட்டார்.

தமிழ் தெரிந்தவர்கள் பக்கத்தில் எழுந்த சிரிப்பு, அவர் நின்றதும் அடங்கியது. கன்னடக்காரர்கள் மீதி வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்கள். முன்வரிசைக் கிழவி ஒருத்தி, "ஆமேலே?" என்றாள். அப்புறம் என்ன என்று கேட்கிறாள். டைம்கீப்பர் அவளைப் பார்த்தார். பிறகு ஆண்கள் பக்கம் நான்காவது வரிசையைப் பார்த்தார். அங்கே அப்பா குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சித்தப்பா நிமிர்ந்து டைம்கீப்பரையே பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நாற்பத்திரண்டு. ஐயர் ஒன்றும் புரியாமல், அருமையான உதாரணம் என்று சொல்லி எனக்கு ஒரு மைப்பேனா பரிசளித்தார். பன்னிரண்டு பேரில் பரிசு வாங்கியது நான் ஒருவன்தான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் உபதேசியார் என் காதைப் பிடித்தார். "அது கள்ளக் கார்டுடா மடையா! ஆண்டவர் கள்ளக் கார்டா அடிச்சாரு? தண்டனைய யாரு ஏத்துக்கினது, அத எங்கடா உட்டுட்ட?" அவர் கோபம் வேதபாடத்தைப் பற்றியது என்றே நினைத்தேன். பரிசு வாங்கியவனைப் பார்த்துப் பொறாமை என்றும் நினைத்தேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு டைம்கீப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. அம்மா கொடுத்த காபியை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியே தூறலில் நின்றார்.

"நாளைக்கு நான் மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுக்கணும்ப்பா," என்றார்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்தப்பாதான் எழுந்து வாசலுக்குப் போனார். "குடுங்கண்ணா. உங்க வேல அது."

"ஏனு மாடோது, என்ன பண்றது சொல்லு. அண்ணன் தம்பி கார்டு ரெண்டும் ஒரே நிமிஷத்துல விழுது. அது என் கண்ணுல படாமலா இருக்கும்? பட்டுது. படாத மாதிரி இருந்தேன். இன்னிக்கு என் வாயாலயே நாப்பது பேருக்கு முன்னாடி சொல்லிட்டேன். இனிமே எப்படி இருக்கறது?"

"உங்க மேல தப்பில்லண்ணா. மொதல்ல காபியக் குடிங்க, ஆறுது."

அவர் குடிக்கவில்லை. டம்ளரைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அவர் போனதும் அம்மா என்னை முதுகில் நான்கு அறை அறைந்தாள். ஐந்தாவது விழுவதற்குள் சித்தப்பா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார். "வுடுங்க அண்ணி. ஐயரு கேட்டாரு, பையன் சொன்னான். தெரியலன்னு முழிச்சிருந்தா மட்டும் வுட்டிருப்பீங்களா?"

விசாரணை வியாழக்கிழமை நடந்தது. அங்கே என்ன நடந்தது என்று அப்பா சொன்னதேயில்லை. பல வருடம் கழித்து அப்பாவின் அடக்கத்துக்கு வந்திருந்த டைம்கீப்பர், கல்லறைத் தோட்டத்தின் கேட்டருகில் நின்று எனக்குச் சொன்னார். இரண்டு பேரையும் அனுப்பிவிடுவதுதான் சட்டம். ஆனால் அந்த மாதம் பெரிய ஆர்டர் கையில் இருந்தது. மணலில் அச்சு எடுக்கும் இரண்டு மோல்டர்களை ஒரே நாளில் இழக்க மேனேஜருக்கு மனமில்லை. கடிதத்தில் ஒரு பெயர் இருந்தால் போதும் என்றாராம். அப்பா வாயைத் திறந்தார். திறந்ததைத் தான் பார்த்ததாக டைம்கீப்பர் அழுத்திச் சொன்னார். அந்த நேரம் சித்தப்பா மேஜைக்கு அடியில் அப்பாவின் காலை ஓங்கி மிதித்துவிட்டு, "எங்கண்ணன் ஒரு தடவகூட என்னக் கேக்கல சார். அடிச்சது என் கை. என் பேர எழுதிக்குங்க," என்றாராம்.

எழுதிக்கொண்டார்கள். அப்பாவின் ஃபைலில் ஒரு வரிகூட ஏறவில்லை. எச்சரிக்கை இல்லை, அபராதம் இல்லை, சிவப்பு மை இல்லை. அந்த ஃபைலை இன்று யார் எடுத்துப் பார்த்தாலும், நேரம் தவறாத தொழிலாளி என்றே இருக்கும்.

சித்தப்பாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. பெண் ஊத்தங்கரைப் பக்கம். மறு ஞாயிறு பெண்ணின் அப்பா வந்தார். மழையில் மூன்று பஸ் மாறி வந்த மனிதர், பத்து நிமிடம்கூட உட்காரவில்லை. "பர்மனென்ட் வேலன்னு சொன்னீங்க, குடுக்கறன்னு சொன்னன். இப்ப என்ன சொல்லச் சொல்றீங்க?" என்று அப்பாவைக் கேட்டார். சித்தப்பாதான் அந்த மனிதரைக் குடைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

அக்டோபர் 29, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டேகால். சித்தப்பா தாவணகெரேயில் தெரிந்தவர் ஒருவர் இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டார். அப்பா ஷிப்டில் இருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நான்தான் போனேன். பெங்களூர் பஸ் கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டும் வந்தேன். பஸ் நிலையத்தில் அது வெளியே வரவில்லை. அறுபது பதில்களை மூச்சுவிடாமல் சொன்னவனுக்கு அந்த ஒன்றுதான் வரவில்லை.

அவரே பேச்சைத் தொடங்கினார். "ஐயரு ரெண்டாவதா ஒண்ணு கேட்டாரே, அது என்னா கேள்வி? எனக்குச் சரியா வௌங்கல."

பாடம் என்றதும் எனக்குக் குரல் வந்துவிட்டது. பரிசுத்தமாக்கப்படுதலை முழுக்க ஒப்பித்தேன்.

"அப்ப, மொதல்ல சொன்னது ஒரு நாள்ல முடிஞ்சிடும். இது அப்பிடி ஆவாது?"

"ஆவாது சித்தப்பா. நாளுக்கு நாள் நடக்கும்னு போட்டிருக்குது."

"எத்தன நாளு?"

"சாவற வரைக்கும்."

தோள் குலுங்கியது. "அவ்ளோ நாளா! அப்பச் செரி. உங்கப்பன அவசரப்படுத்தாத. இன்னா?" என்றார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் தலையில் கை வைத்துத் தேய்த்தார். "நீ சொன்ன பதிலு நல்ல பதிலுதான்டா." அவர் என்னிடம் நேரில் பேசிய கடைசி வாக்கியம் இது. அதில் கிண்டல் இருந்ததா என்று நாற்பத்தெட்டு வருடமாக யோசிக்கிறேன். இல்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் முடிவாகிறது. கிண்டல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

ஒன்பது நாள் கழித்து நவம்பர் ஏழு. சம்பள நாள். அப்பா அத்திப்பள்ளிக்குப் போனார்.

அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் உடம்பில் உணர முடிகிறது. தம்பி ஊரை விட்டுப் போய் ஒன்பது நாள். அவர் படுத்திருந்த பாய் இன்னும் மூலையில் சுருட்டி வைத்தபடி இருக்கிறது. இந்த மனிதர் குடித்துவிட்டு வந்து அதன்மேலேயே தலையை வைத்துப் படுக்கிறார். சித்தப்பா போனது வீண் என்று எனக்குத் தோன்றியது. அவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனதை மறந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியைப் போட்டு ஒரு கோடு கிழித்தேன். பிறகு ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. அந்த டிசம்பரில் இன்னொன்று. 1978-இல் ஒன்பது. 79-இல் ஆறு. 80-இல் மறுபடியும் ஏழு. 81-இல் இந்தப் பக்கமே கடை திறந்துவிட்டார்கள், எல்லை தாண்ட வேண்டிய சிரமம்கூட இல்லை. அந்த வருடம் எட்டு. நான் கிருஷ்ணகிரிக் கல்லூரிக்குப் போய்வந்த நாட்களிலும் நோட்டை விடவில்லை. நான்கு, மூன்று, ஒன்று. கடைசிக் கோடு 1985 ஜூன் ஏழாம் தேதி. மொத்தம் நாற்பத்தொன்று.

எதைக் குறிக்க வேண்டுமோ அதை நான் குறிக்கவில்லை. அந்த நவம்பர் எட்டாம் தேதி காலை நாலே முக்காலுக்கு அப்பா எழுந்தார். அம்மா எழுப்பவில்லை. வாந்தி எடுத்தார், குளிர்ந்த தண்ணீரில் குளித்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு சட்டை போட்டார். தொழிற்சாலை முப்பத்தைந்து நிமிட நடை. கேட் ஆறு நாற்பதுக்குத்தான் திறப்பார்கள். அப்பா ஆறு மணிக்கே போய் மூடிய கேட்டுக்கு முன்னால் நின்றார். குடித்த மறுநாளும் நின்றார், குடிக்காத மறுநாளும் நின்றார். 1996-இல் ஓய்வு பெறும் வரையில் அப்படித்தான். இரவு ஷிப்டு முடிந்து உள்ளே கேட் திறக்கக் காத்திருக்கும் ஆட்கள் அவரைப் பார்த்து, "என்னா அண்ணாத்த, வாட்ச்மேன் வேலையும் சேத்துக் குடுத்துட்டானா?" என்று கேலி செய்வார்களாம். அவர் தலையை ஆட்டிக்கொள்வாராம்.

வேலை போய்விடும் என்ற பயம் என்றுதான் நினைத்தேன். பயந்தவன் ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் போவான். ஒரு மணி நேரம் முன்னால் போய் மூடின கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான். இந்தச் சின்னக் கணக்கு எனக்குப் புரிய, நானே அப்பாவாகி, வாத்தியாராகி, முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன உதாரணம் தப்பு. உபதேசியார் சொன்னதுதான் சரி. இரண்டு கார்டை ஒரு கையில் ஒளித்துப் பிடிப்பது வித்தை. அதில் யாரும் எதையும் சுமக்கவில்லை. நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை அந்த அறையில்தான் சரியான உதாரணம் நடந்தது. அதைப் பார்க்க நான் அங்கே இல்லை. அங்கே அப்பா நல்லவராகிவிட்டார் என்பதற்காக யாரும் அவரை விட்டுவிடவில்லை. விட்டபோது அவர் குடிகாரர்தான். பதினெட்டு நாள் கழித்தும் குடிகாரர்தான். தீர்ப்பு ஒரு பகலில் முடிந்துவிட்டது. மனிதர் மாற ஏழு வருடம் எட்டு மாதம் ஆயிற்று. அந்த ஏழு வருடத்தில் அவர் எத்தனை தரம் விழுந்தும், ஃபைலில் அந்தத் தீர்ப்பை யாரும் திருத்தவில்லை. மாறினால்தான் வேலையில் வைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தால் முதல் நவம்பரிலேயே அவர் கதை முடிந்திருக்கும். மாறுவதற்கு முன்பே அவரை வைத்துக்கொண்டார்கள். மாற முடிந்தது அதனால்தான். முப்பத்தொன்றாம் கேள்வி முதலிலும் முப்பத்திரண்டாம் கேள்வி அடுத்தும் ஏன் வந்தன என்று உபதேசியார் எட்டு மாதம் சொல்லியும் ஏறாதது, மங்கிப்போன அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது ஏறியது. அதில் நான் எழுதி வைத்திருந்தது அப்பாவின் குற்றப் பட்டியல் என்றே நினைத்திருந்தேன். ஒன்பது, ஆறு, ஏழு, எட்டு, நான்கு, மூன்று, ஒன்று, ஒன்று. அது ஒரு மனிதன் மெதுவாக எழுந்து நின்ற பட்டியல்.

சித்தப்பாவிடமிருந்து நான்கு தபால் கார்டுகள் வந்தன. முதலிரண்டு தாவணகெரேயிலிருந்து, மற்றவை சோலாப்பூரிலிருந்து. எல்லாம் நலம், பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், அண்ணனை விசாரித்ததாகச் சொல்லவும். நான்காவது 1983-இல் வந்தது. அதன்பிறகு இல்லை. அப்பா இரண்டு தடவை சோலாப்பூர் போய்த் தேடிவிட்டு வந்தார். எங்கே தேடினார், யாரைக் கேட்டார் என்று எங்களிடம் சொல்லவில்லை. திரும்பி வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு கேட்டுக்கு முன்னால் நின்றார். கடைசிக் காலத்தில் வாசலில் யார் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். இப்போது எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. மகள் திட்டுகிறாள்.

போன வருடம், சோலாப்பூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் அங்கேயுள்ள தமிழ்ச் சபையில் விசாரித்து எழுதினான். சித்தப்பா ஒரு நூற்பாலையில் காவலாளியாக இருந்திருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2008-இல் காலமாகிவிட்டார். நான் போனேன். கல்லறைத் தோட்டத்துக் காவலாளி மண்மேடு ஒன்றைக் காட்டினான். பெயரில்லை, கல் இல்லை. அந்தப் பெரியவர் நன்றாகச் சிரிப்பார் என்று அவன் இந்தியில் சொன்னான். எப்படிச் சிரிப்பார் என்று கேட்க எனக்கு இந்தி போதவில்லை. என் தோளைக் குலுக்கிக் காட்டினேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். அந்த மேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் நிலையத்தில் வராத வாக்கியத்தைச் சொன்னேன். மூன்று வார்த்தைதான்.

கல் செதுக்குபவனுக்குத் தமிழ் தெரியாது. நான் காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அவன் அதைப் படம்போலப் பார்த்துப் பார்த்து வெட்டினான். சித்தப்பாவின் பெயர், அதன்கீழ் இன்னாருடைய தம்பி என்று அப்பாவின் பெயர். இருபத்து மூன்று எழுத்து, எழுத்துக்கு நாற்பது ரூபாய் வீதம் 920. கல் 4,500, அதை நட்டுச் சிமெண்ட் பூச 650, போக வர ரயிலும் பஸ்ஸும் 1,384, இரண்டு இரவு தங்க 1,200, பூ 40. பதின்மூன்று வயதில் நான் சொன்ன ஒரு பதிலுக்குத் தர வேண்டியதை ஒருவர் வேலையாகவும் கல்யாணமாகவும் ஊராகவும் முன்பே கொடுத்து முடித்திருந்தார் என்று நானாக இருந்த அந்தப் பையனுக்குத் தெரியாது. அவனிடம் யாரும் எதையும் கேட்கவுமில்லை. இத்தனை வருடத்தில் என் கையை விட்டுப் போனது மொத்தம் 8,694 ரூபாய்.